ஓட்டை விழாத பல்லுக்கு ஒட்டு

"…அப்பிடியெண்டால், அண்ணை, உங்கடை சட்டைப் பையிலையிருந்து வாறது என்ன மணம்?" என்று கேட்டார் பல் மிஸ்ஸி.

என் மனுசனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வாய்க்குள் கண்ணாடி இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பது பல் பார்க்கிறவர்களுக்கென்றே வாய்த்த பழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அளவுக்குச் செய்த கட்டைக் கதிரை அது. நாற்பது வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த மனுசன், முழங்கால் இரண்டும் நாடியில் முட்டுகிற மாதிரி அதற்குள் மடிந்து கிடந்தார். கண்ணாடி வெளியே வந்ததும் சொன்னார்:

"அது தின்னுறதுக்கில்லை, மிஸ்ஸி. மணக்கிறதுக்கு வைச்சிருக்கிறன்."

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். யன்னலடியில் காலால் மிதித்துப் பல் துளைக்கிற இயந்திரம் நின்றது. அதன் சீலை உறையை மிஸ்ஸி ஏற்கெனவே கழற்றி மடித்து வைத்திருந்தார்.

அந்த உறை ஏன் கழன்றது, சட்டைப் பைக்குள் என்ன மணந்தது என்பதைச் சொல்ல நான் மூன்று மாதம் பின்னுக்குப் போக வேண்டும்.

சண்டை நடந்து, அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. யாழ்ப்பாணம் முழுக்க சைக்கிளில் ஓடியது. விறகும் சைக்கிளில், நோயாளியும் சைக்கிளில், கலியாணப் பொம்பிளையும் சைக்கிளில். மருதனார்மடம் சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்த என் மனுசனுக்கு அப்போது ஊர் டொக்டரைவிட மரியாதை. "டொக்டர் இல்லாட்டி இருமிக்கொண்டாவது இருக்கலாம். நீ இல்லாட்டி நடக்கவெல்லே வேணும்" என்று எதிர்த் தேத்தண்ணிக் கடைக்காரர் சொல்லுவார். அந்தச் சொல்லை மனுசன் வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு தரம் என்னிடம் சொன்னார். நாலாந்தரம் சொல்லும்போது அது ஊரே சேர்ந்து சொன்னதாக மாறியிருந்தது.

சீனி கிடைப்பது அருமை என்பதால் எல்லோரும் தேத்தண்ணியைப் பனங்குட்டானோடு கடித்துக் குடித்தோம். ஓலையில் பின்னின கையகலப் பெட்டிக்குள் பனங்கட்டிப் பாகை ஊற்றி இறுக வைத்தால் அதுதான் குட்டான். ஒரு துண்டைக் கடித்து, ஒரு மிடறு குடித்து, முடித்துவிட்டு எழும்புவது ஊர் வழக்கம். என் மனுசனின் வழக்கம் வேறு. அவர் ஒரு துண்டை இடது கொடுப்புக்குள், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில், ஒதுக்கி வைப்பார். அது கரைந்து முடிய ஒரு மணித்தியாலம் செல்லும். ஒரு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டால் ஒரு தேத்தண்ணி, ஒரு தேத்தண்ணிக்கு ஒரு துண்டு. காலையில் கடை திறப்பதிலிருந்து பின்னேரம் பூட்டும்வரை அவருடைய இடது கன்னம் வீங்கின மாதிரியே இருக்கும். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் பல்லு வருத்தமோ என்று கேட்பார்கள். "இன்னும் இல்லை" என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பல்லு வருத்தத்துக்கு அவர் பயந்த மாதிரி ஷெல்லுக்குக்கூடப் பயப்படவில்லை. காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் அவருடைய தமையனுக்கு ஒரு பல் பிடுங்க வேண்டி வந்தது. விறைக்கிற ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. விறைக்காமலே பிடுங்கினார்கள். தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து அவர் சொன்ன கதை இவ்வளவுதான்: "பிடிச்சது நான். கத்தினது அண்ணை. மயங்கி விழுந்ததும் நான்."

எங்கள் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பல் மிஸ்ஸி இருந்தார். தாதிமாரை மிஸ்ஸி என்று கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். முப்பது வயதிருக்கும். பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. மகளுடைய பல்லைக் காட்டப் போன அன்றைக்கு என் மனுசனும் சைக்கிளோடு வாசலில் நின்றார். மகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று மிஸ்ஸி சொன்னதும் அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "எங்கடை பரம்பரைப் பல்லு, மிஸ்ஸி!" என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"அண்ணை, இன்னொருக்காச் சிரியுங்கோ" என்றார் மிஸ்ஸி.

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவரை இன்னொரு தரம் சிரிக்கச் சொன்ன முதல் ஆள் மிஸ்ஸிதான். நாங்களெல்லாம் நிற்பாட்டத்தான் சொல்லியிருக்கிறோம். அவர் பெருமையோடு சிரித்தார். மிஸ்ஸி கிட்ட வந்து இடது மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

கூரான வேட்டைப்பல்லிலும் அதற்கு அடுத்த பல்லிலும், பல்லுக்கு மேலே முரசுச் சதையோடு ஒட்டி, கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியால் கீறின மாதிரி மங்கல் வெள்ளையாக ஒரு கோடு கிடந்தது. அதை இவர் அழகென்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"உது சூத்தை துவங்கிற இடம்" என்றார் மிஸ்ஸி. "இன்னும் ஓட்டை விழேல்லை. இப்ப கவனிச்சால் பல்லு தானாத் திரும்பவும் கெட்டிப்படும். விட்டால் ஓட்டைதான்."

மனுசனின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஓட்டை விழுந்தால்?"

"ஆஸ்பத்திரியிலை இப்ப அடைக்க மருந்து இல்லை, அண்ணை. புடுங்குவினம்."

"விறைச்சுப்போட்டோ?"

மிஸ்ஸி கையை நீட்டி யன்னலடி இயந்திரத்தைக் காட்டினார். "பெரிய ஆக்களுக்கு நான் செய்யப்படாது. ஆனா ஓட்டை சின்னனாய் இருந்தால் உதிலை துளைச்சு அடைச்சுவிடுறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கரண்ட் இல்லாததாலை காலாலை மிதிக்கவேணும். கொஞ்சம் மெல்லமாத்தான் துளைக்கும்."

மெல்லமாக என்ற சொல்லில்தான் அவருடைய முகம் வெளிறியது. அவரும் வாழ்நாள் முழுக்க மிதித்தவர்தானே. மிதித்துத் துளைப்பது எவ்வளவு நேரம் என்று அவருக்குக் கணக்குத் தெரியும்.

அப்போதுதான் மிஸ்ஸி, பாவம், நல்லதுக்கென்று ஒரு விளக்கம் சொன்னார். "உங்கடை கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியுதெல்லே? கிணத்துத் தண்ணியிலை இருக்கிற சுண்ணாம்புச் சத்து அது. பல்லும் அப்பிடியான சத்திலை கட்டினதுதான். இனிப்புத் திண்டால் வாய்க்குள்ளை புளிப்பு ஊறி அதைக் கரைக்கும். பிறகு சும்மா விட்டால் கரைஞ்சது திரும்பவும் வந்து படியும்."

இவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். எனக்குச் சந்தேகம் வந்தது. என் மனுசன் வாயால் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினால், அவர் விளங்கிக்கொண்டது வேறு எதையோ.

வழியெல்லாம் முறைப்பாடுதான். "ஓட்டை விழாததை எப்பிடி ஒட்டுறது? இருபது வருசமா ஒட்டுறன். தண்ணிச் சட்டிக்குள்ளை அமத்திக் குமிழி வந்தால்தானே எங்கை ஒட்டுறதெண்டு தெரியும்." எங்கள் வீடு இருந்த உரும்பிராய்க்கு வந்து சேரும்போது முறைப்பாடு நின்றுவிட்டது. அதுதான் ஆபத்து.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் கண்ணாடியைச் சாத்தி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இஞ்சேரும், அந்தச் சுளகை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாரும்."

ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் அந்த இடத்தை உப்புத்தாளால் உரஞ்ச வேண்டும். துடைத்துக் காயவிட வேண்டும். பசை பூச வேண்டும். விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் அந்த ஒழுங்கில் ஒரு இம்மியும் குறைக்கவில்லை. உப்புத்தாளுக்குப் பதில் உமிக்கரி. பல்லு சத்தம் போடுமட்டும் உரஞ்சினார். துவாயால் துடைத்தார். உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விசுக்கும்" என்றார். நான் சுளகால் விசுக்கினேன். ஏன் மறிக்கவில்லை என்று கேட்காதீர்கள். சுண்ணாம்புச் சத்துப் போன பல்லுக்குச் சுண்ணாம்பு பூசுவது அந்த நேரம் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வருகிற ஆக்களுக்கென்று வெற்றிலைத் தட்டத்தில் வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு விரல் எடுத்துப் பல்லில் அப்பி, விரலால் அழுத்திக்கொண்டு எண்ணத் தொடங்கினார்.

நூறு மட்டும் எண்ணுவதாக உத்தேசம். முப்பதில் கண்ணில் தண்ணீர் வந்தது. நாற்பத்தைந்தில் வாளியோடு தண்ணீரை முகத்தில் ஊற்றினார்.

மேல் உதடு மோதகம் மாதிரி எழும்பிவிட்டது. அதோடுதான் கடைக்குப் போனார். பின்னேரம் சோற்றுப் பெட்டியை எடுக்க நான் போனபோது தேத்தண்ணிக் கடைக்காரர் வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, அடிக்கிறதெண்டால் தெரியாத இடத்திலை அடிக்க வேணும். இப்பிடி முகத்திலை அடிக்கிறதே?"

"குளவி எண்டெல்லே சொன்னனான்" என்று உள்ளேயிருந்து இவர் கத்தினார். உதடு வீங்கினதால் குளவி, குழவி, கிழவி எல்லாம் ஒன்றாகக் கேட்டது.

அந்த நேரம் பார்த்துக் காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு மிஸ்ஸி வந்து சேர்ந்தார். அவரும் எங்கள் கடை ஆள்தான்.

"என்ன, அண்ணை, வாய்?"

"குளவி."

"குளவி சுண்ணாம்பும் பூசிக்கொண்டே வந்தது? முரசிலை வெள்ளையாக் கிடக்கு."

பிறகு மறைக்க ஒன்றுமில்லை. உமிக்கரி, சுளகு, நாற்பத்தைந்து எல்லாம் வெளியே வந்தது. சுளகு பிடித்த கை யாருடையது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த விசுவாசத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

மிஸ்ஸி ஆக்கள் குந்துகிற வாங்கிலில் இருந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "அண்ணை, என்ரை சைக்கிளிலை காத்து இறங்கிக் கிடந்தால் முதல் என்ன செய்வீங்கள்?"

"காத்தடிச்சுப் பாப்பன்."

"உரஞ்ச மாட்டியளே?"

"ஓட்டையில்லாட்டி ஏன் உரஞ்சுவான்? நல்ல ரியூப்பெல்லே பழுதாப்போகும்!"

"அதுதான் உங்கடை பல்லு. காத்துத்தான் இறங்கியிருக்கு. மேல்தோல் இன்னும் கிழியேல்லை. அந்தத் தோலை உமிக்கரி போட்டு உரஞ்சினால் நீங்களே ஓட்டையைப் போட்டுக் குடுக்கிறியள்."

மனுசனின் கையில் இருந்த குறடு அப்படியே நின்றது. "அப்ப காத்தடிக்கிறது ஆர், மிஸ்ஸி?"

"உங்கடை எச்சில். பல்லுக்கு வேண்டிய சத்தெல்லாம் அதிலை கிடக்கு. புளோரைட் போட்ட பேஸ்ற்றாலை காலமையும் படுக்கப் போகேக்கையும் மெதுவாத் தீட்டி, துப்பிப்போட்டு, கனக்கக் கொப்பிளிக்காமல் விட்டால், அது உதவி செய்யும். ஆனா எச்சிலுக்கு நேரம் குடுக்க வேணுமெல்லோ? நீங்கள் விடிஞ்சதிலையிருந்து கொடுப்புக்குள்ளை குட்டானை வைச்சுக்கொண்டிருக்கிறியள். அது ஒரு பக்கத்தாலை காத்தடிக்க, நீங்கள் மற்றப் பக்கத்தாலை வால்வைத் திறந்துவிடுறியள்."

இவர் குறடைக் கீழே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்ப நான்தான் வால்வைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தனான்."

தேத்தண்ணிக் கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. "எச்சில்தான் மருந்தெண்டால், மச்சான், நீ ஆஸ்பத்திரியே நடத்தலாம். நீ கதைக்கேக்கை முன்னாலை நிக்கிற எங்களுக்கெல்லாம் வைத்தியம் நடக்குது."

மிஸ்ஸி எழும்பும்போது சொன்னதுதான் தீர்ப்பு. "மூண்டு மாசத்தாலை வாங்கோ. இனிப்பு வேணுமெண்டால் சோத்தோடை சாப்பிட்டு முடிச்சுப்போடுங்கோ. இடையிலை ஒண்டும் வாயிலை வைக்கப்படாது. கெட்டிப்பட்டிருந்தால் நீங்கள் வீட்டை போகலாம். இல்லாட்டி அந்த மெசின்தான். எதுக்கும் உறையை முதலே கழட்டி வைக்கிறன்."

"சோத்தோடையும் வேண்டாம், மிஸ்ஸி. அறவே விடுறன்" என்றார் இவர். எதைச் செய்தாலும் ஒரு முழம் கூடச் செய்வதுதான் அவருடைய வியாதி.

கொழும்பிலிருந்து வந்த ஒருவரைப் பிடித்து ஒரு பேஸ்ற் எடுப்பித்தார். உமிக்கரிப் பேணி குசினிக்கு வெளியே போனது. முதல் இரண்டு கிழமையும் வீட்டில் மனுசர் இருக்க ஏலாது. வெறுந் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு இருப்பார். நான் பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். விடிய எழும்பினதும் உதட்டைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார்.

"இஞ்சேரும், வெள்ளை குறைஞ்சிருக்கே?"

"நேற்றையப் போலத்தான் கிடக்கு."

"நீர் வடிவாப் பாக்கேல்லை."

"இஞ்சேருங்கோ, இன்னும் கிட்டப் பாக்கிறதெண்டால் நான் உள்ளுக்கை போகவேணும்."

மூன்றாம் கிழமை ஆள் திருந்தினார். திருந்தினது மட்டுமில்லை, பிரசங்கம் செய்யவும் தொடங்கினார். காற்றடிக்க வருகிறவர்களின் உதட்டைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். "ஓட்டை விழமுதல் வாங்கோ, ஓட்டை விழமுதல் வாங்கோ" என்று அவர் சொல்வது பல்லுக்கா ரயருக்கா என்று தெரியாமல் ஆக்கள் இரண்டையும் காட்டிவிட்டுப் போனார்கள்.

இவ்வளவு சீராகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான், ஒரு நாள் அவருடைய சட்டையைத் தோய்க்க எடுத்தால், பையிலிருந்து எறும்பு வரிசையாக இறங்குகிறது. உள்ளே ஒரு குட்டான்.

நான் சட்டையையும் குட்டானையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"சத்தியமாத் தின்னேல்லை. தேத்தண்ணி குடிக்கேக்கை மணந்து பாக்கிறனான். மணந்துபோட்டு ஒரு மிடறு குடிச்சால், கடிச்ச மாதிரி இருக்கும்."

"மணக்கிறதுக்கே குட்டான்?"

"மல்லிகைப் பூவை வாங்கி நீர் தின்னுறனீரே?"

கேள்வி நியாயம்தான். ஆனால் நான் நம்பவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். "ஓம் தங்கச்சி, மூக்கடியிலை பிடிச்சுக்கொண்டுதான் குடிக்கிறான். மணம் போனால் பழசை என்னட்டைத் தந்துபோட்டுப் புதுசு வாங்குறான். இப்பிடியே போனால் என்ரை பல்லெல்லே போகப்போகுது" என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் எந்தப் பொய்யும் சொல்லுகிற ஆட்கள். அதனால் அந்தச் சாட்சியையும் நான் எடுக்கவில்லை. மூன்று மாதம் முடியட்டும், பல்லே சொல்லும் என்று விட்டுவிட்டேன். அன்றையிலிருந்து அவர் என்னிடம் உதட்டைத் தூக்கிக் காட்டவில்லை. அது எனக்குக் கொஞ்சம் குத்தியது. என்றாலும் நானாகப் போய்க் கேட்கவில்லை.

நாள் வந்தது. காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரித் திருநீறு பூசிக்கொண்டு வெளிக்கிட்டார். அறைக்குள் போனதும் முதலில் அவருடைய கண் போனது யன்னலடிக்கு. உறை கழன்றிருந்தது. அந்தக் கட்டைக் கதிரையில் இருந்தபோது அவருடைய கை இரண்டும் கைப்பிடியை விடவில்லை. இருந்த கையோடு, கேட்காமலே, இடையில் ஒன்றும் வாயில் வைக்கவில்லை என்று ஒப்புவித்தார். அப்போதுதான் கண்ணாடியை வாய்க்குள் விட்ட மிஸ்ஸி, மூக்கைச் சுருக்கி, அந்தக் கேள்வியைக் கேட்டது.

"மணக்கிறதுக்கு" என்ற பதிலைக் கேட்டதும் மிஸ்ஸி கையை நீட்டினார். "எடுங்கோ, பாப்பம்."

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மிஸ்ஸி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஓலை பிரிபடவில்லை. மேலே மடித்துச் செருகின கீற்று, பின்னினவர் விட்டது விட்டபடி இருந்தது. ஒரு மூலையில் மட்டும் ஓலை கொஞ்சம் மினுமினுத்தது. மூக்கு பட்டுப் பட்டு வந்த மினுக்கம்.

என் மனுசன் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் அவரைப் பார்த்தேன்.

மிஸ்ஸி குட்டானைத் தட்டத்தில் வைத்துவிட்டு, பஞ்சால் பல்லை ஒற்றி ஈரம் எடுத்தார். கண்ணாடியைச் சரித்து யன்னல் வெளிச்சத்தைப் பல்லில் விழுத்தினார். ஒரு கம்பியும் எடுக்கவில்லை, நகத்தாலும் சுரண்டவில்லை. பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. ஏழாம் வாய்ப்பாடு. அவர்கள் எழுபதுவரை போய் முடித்தும் மிஸ்ஸி பார்த்து முடிக்கவில்லை. மனுசன் கண்ணை மூடிவிட்டார்.

நான் மிஸ்ஸியின் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தேன். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன். அடுத்த பல்லில் கோட்டையே காணவில்லை. வேட்டைப்பல்லில் ஒரு நூலளவு மிச்சம் இருந்தது. ஆனால் முந்தின வெண்கட்டி மங்கல் இல்லை. மற்றப் பல்லைப் போல வெளிச்சம் பட்டு மினுங்கியது.

"என்ன, மிஸ்ஸி?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் இவர். "துளைக்கிறதெண்டால் சொல்லிப்போட்டுத் துளையுங்கோ."

மிஸ்ஸி எழும்பி யன்னலடிக்குப் போய், மடித்து வைத்த சீலை உறையை எடுத்து உதறி, அந்த இயந்திரத்தைத் தலையோடு மூடி, கீழே நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். திரும்பி வரும்போது தட்டத்தில் கிடந்த குட்டானை எடுத்து, ஒரு தரம் மணந்து பார்த்து, தன்னுடைய கைப்பைக்குள் போட்டு மூடினார்.